கடும் வைரஸ் நோயும் இரத்த உறைவும்: கிராமத்தார் அறிய வேண்டுவன

நோய் வருமுன் காத்தல் சிறந்தது என்பதை நாம் யாவரும் அறிவோம். வந்த நோய் தணியும்போதும், தணிந்து வீடு திரும்பிய பின்னரும் சில காலம் காத்தல் வேண்டும் என்பதை அறிந்தவர் நம்மிடையே குறைவு. 2020ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் உலகை உலுக்கிய கொரோனா நோய் இந்தப் பாடத்தை நமக்குக் கடுமையாகவே கற்பித்துச் சென்றது. மூச்சுத் திணறலுடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுள் ஒரு சாராருக்கு இரத்தக் குழாய்களுக்குள்ளேயே இரத்தம் உறைந்து உயிருக்கு அபாயம் விளைந்தது. காய்ச்சல் நின்று, மூச்சும் சீரடைந்து, வீடு வந்து சேர்ந்தவர்களுள்ளும் சிலருக்கு இவ்வாறு நேர்ந்தது. இது ஏன் நேர்கிறது, வைத்தியர்கள் இதை எவ்வாறு தடுக்கின்றனர், கிராமத்தில் இருக்கும் நாம் செய்யத் தக்கது யாது, செய்யத் தகாதது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

புதுக்கோட்டை கண்ட சோதனை

புதுக்கோட்டை மாவட்டத்தில் 2019ஆம் ஆண்டில் 13 ஊராட்சி ஒன்றியங்களும் 497 கிராமப் பஞ்சாயத்துக்களும் இருந்தன. 2019 டிசம்பரில் நடைபெற்ற தேர்தலில் வெற்றி பெற்ற பஞ்சாயத்துத் தலைவர்களும் அங்கத்தினர்களும் 2020 ஜனவரி 6ஆம் நாள் பதவி ஏற்றனர். பொறுப்பேற்று மூன்று மாதங்கள் நிறைவதற்குள், மார்ச் 25ஆம் நாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் நோய் புகுந்த பின்னரே, அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், புதுக்கோட்டையில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். எனினும், பிழைப்புக்காக வெளியூர்களுக்குச் சென்றிருந்தோர் திரும்பத் திரும்ப, நோயும் கிராமங்களை எட்டியது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் எழுந்த இரண்டாம் அலை முதல் அலையினும் கொடியதாக இருந்தது.

அக்காலத்தில் ஊர்தோறும் பேசப்பட்டது பிராணவாயுவைப் பற்றியே. படுக்கை கிடைக்குமா, பிராணவாயு கிடைக்குமா என்ற கவலையே மேலோங்கி நின்றது. அது இயல்பே. ஆயினும், பிராணவாயு தடையின்றிக் கிடைத்த இடங்களிலும் நோயாளிகள் சிலர் திடீரென்று நிலைகுலைந்ததை வைத்தியர்கள் கண்டனர். அதற்கான காரணங்களுள் முக்கியமான ஒன்று இரத்த உறைவு.

இரத்தம் உறைவது எதற்காக?

கதிர் அறுக்கும்போது அரிவாள் விரலில் பட்டுவிடுகிறது. இரத்தம் கசிகிறது. சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் கசிவு நின்றுவிடுகிறது. இரத்தத்திற்கு இந்த உறையும் தன்மை இல்லாவிடின், சிறு காயமும் உயிரைக் கொண்டு போய்விடும். காயம் பட்ட இடத்தில் முதலில் தட்டணுக்கள் என்னும் மிகச் சிறிய அணுக்கள் கூடி அடைப்பு இடுகின்றன. அதன் பின்னர், இரத்தத்தில் கரைந்திருக்கும் ஒருவகைப் புரதம் நூலிழைகளாக மாறி, அந்த அடைப்பின் மீது வலைபோலப் பின்னி அதனை உறுதிப்படுத்துகிறது. உடைந்த கரையில் முதலில் மண் மூட்டைகளைப் போட்டு, பின்னர் தழையும் கழியும் கொண்டு கட்டுவதைப் போன்றது இது.

காயம் ஆறியதும் அந்த அடைப்பு கரைந்து போவதற்கும் உடலில் ஏற்பாடு இருக்கிறது. உறைதலும் கரைதலும் தராசின் இரு தட்டுக்களைப் போலச் சமமாக நிற்கும் வரையில் உடலுக்குக் கேடு இல்லை. உறைதலின் பக்கம் தராசு சாயுமாயின், காயமே இல்லாத குழாயிலும் இரத்தம் கட்டியாகிவிடும்.

மூன்று காரணங்கள்

இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்களை வைத்தியநூலார் கூறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆராய்ச்சி செய்த ருடால்ஃப் விர்க்கோ என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரால் இவை இன்றும் வழங்குகின்றன. காலின் குழாயில் உறைந்த கட்டி அங்கிருந்து பிரிந்து, இரத்த ஓட்டத்தோடு சென்று, நுரையீரலின் குழாயை அடைக்கக்கூடும் என்பதை விளக்கிக் காட்டியவரும் அவரே.

ஏரிப் பாசனத்தை அறிந்த நமக்கு இம்மூன்று காரணங்களும் எளிதில் விளங்கும். வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டே இருந்தால் வண்டல் தங்குவதில்லை. ஓட்டம் நின்று தேங்கிய இடத்தில்தான் படிகிறது. கரை வழவழப்பாக இருந்தால் செத்தை ஒதுங்குவதில்லை. கரை அரித்துக் கரடுமுரடாகிய இடத்தில்தான் ஒதுங்குகிறது. நீர் தெளிவாக இருந்தால் அடைப்பு நேர்வது அரிது. சேறு மிகுந்து வந்தால் மடை விரைவில் தூர்ந்துவிடுகிறது. இரத்தக் குழாயிலும் இவ்வாறே. ஓட்டம் தேங்குதல், குழாயின் உட்சுவர் பழுதடைதல், இரத்தத்தின் உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றுமே உறைவுக்குக் காரணங்கள்.

கடும் வைரஸ் நோயில் இம்மூன்றும் ஒருங்கே வந்து கூடுகின்றன. நோயாளி நாள் முழுவதும் படுக்கையில் கிடக்கிறார். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் உள்ள இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. நடை நின்றால் அந்த இறைப்பு வேலையும் நின்று, காலின் ஆழத்தில் உள்ள குழாய்களில் இரத்தம் தேங்குகிறது. அடுத்து, நோயின் வேகத்தால் எழும் அழற்சி குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்குகிறது. மூன்றாவதாக, வைரஸை எதிர்த்து உடல் நடத்தும் போரில், இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்கள் அளவுக்கு மேல் பெருகுகின்றன. காய்ச்சலாலும் பேதியாலும் உடலில் நீர் வற்றுமாயின் அபாயம் மேலும் கூடும்.

இது கொரோனாவுக்கு மட்டும் உரியதன்று. கடுமையான இன்ஃபுளுயன்சா காய்ச்சலால் நுரையீரல் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்போருக்கும் இந்த அபாயம் உண்டு. ஆனால் கொரோனாவில் அது மிகுதியாகக் காணப்பட்டது. 2020 ஏப்ரலில் நெதர்லாந்து நாட்டு வைத்தியர்கள் மூன்று ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 184 கொரோனா நோயாளிகளைப் பற்றிய விவரத்தை வெளியிட்டனர். அவர்களுக்கு உறைவைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்பட்டு வந்தது. அவ்வாறு இருந்தும், நூற்றுக்கு 31 பேர் வீதம் இரத்த உறைவால் விளையும் கோளாறுக்கு உள்ளாகியிருந்தனர். அதே ஆண்டு மே மாதத்தில் மற்றோர் ஆராய்ச்சி வெளியாயிற்று. கொரோனாவால் இறந்த 7 பேரின் நுரையீரல்களையும், இன்ஃபுளுயன்சாவால் இறந்த 7 பேரின் நுரையீரல்களையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். நுரையீரலின் மிக நுண்ணிய குழாய்களில் காணப்பட்ட உறைவுகள், கொரோனாவில் ஒன்பது மடங்கு மிகுதியாக இருந்தன.

இரத்தக் கட்டி எங்கு நிற்கிறதோ அதைப் பொறுத்துத் தீங்கு வேறுபடும். காலில் நின்றால் கால் வீங்கும். அங்கிருந்து பிரிந்து நுரையீரலை அடைந்தால் திடீர் மூச்சுத் திணறல் உண்டாகும். கட்டி பெரிதாயின் சில நிமிடங்களில் உயிர் போகலாம். இதயத்தின் குழாயில் நின்றால் மாரடைப்பு. மூளையின் குழாயில் நின்றால் பக்கவாதம்.

தடுக்கும் மருந்து

இரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பத்திரிகளில் பெரிதும் பயன்படும் மருந்து ஹெப்பாரின். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த ஜே மக்லீன் என்பவர் 1916ஆம் ஆண்டில், உறைதலைத் தடுக்கும் ஒரு பொருளை ஈரலிலிருந்து பெற்றார். அவருடைய ஆசிரியராகிய வில்லியம் ஹோவல் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தி, 1918ஆம் ஆண்டில் ஹெப்பாரின் என்னும் பெயரை வழங்கினார். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இம்மருந்தின் நவீன வடிவம் ஒன்று இப்போது வயிற்றுப் பகுதியின் தோலுக்கடியில் ஊசியாகப் போடப்படுகிறது. நம் மத்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2020 ஜூன் மாதத்தில் வெளியிட்ட சிகிச்சை முறையிலேயே, நடுத்தரக் கடுமையுள்ள கொரோனா நோயாளிகளுக்கு இம்மருந்தைத் தடுப்பு அளவில் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இருக்கும் உறவினருக்கு வயிற்றில் ஊசி போடுகிறார்களே என்று அஞ்சி, வேண்டாம் என்று தடுத்தவர்கள் உண்டு. நாய்க்கடிக்கு முன்னாளில் வயிற்றில் போடப்பட்ட ஊசியின் நினைவு நம் மக்களிடம் இன்னும் நீங்கவில்லை. இந்த ஊசி அதுவன்று. சிறிய ஊசி, வலியும் சிறிதே. போட்ட இடத்தில் சற்றுக் கன்றிப்போதல் இயல்பு. இதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

அளவு மிஞ்சினால்

தடுப்பு மருந்து நல்லது என்றால், கூடுதலாகக் கொடுப்பது இன்னும் நல்லது அன்றோ என்று சிலர் எண்ணலாம். உலக வைத்தியர்களும் இக்கேள்வியை எழுப்பி, பல நாடுகளில் ஒருங்கே ஆராய்ச்சி செய்தனர். 2021 ஆகஸ்டில் முடிவுகள் வெளியாயின. ஆஸ்பத்திரியில் இருந்தும் நோய் மிக முற்றாதிருந்த 2,219 பேரிடம் நடந்த சோதனையில், ஹெப்பாரினை முழு அளவில் பெற்றவர்களுக்கு நன்மை காணப்பட்டது. உறுப்புக்களைத் தாங்கும் கருவிகளின் உதவியின்றி உயிர் பிழைத்தவர்கள், வழக்கமான தடுப்புச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 76 பேர். முழு அளவு பெற்றோருள் 80 பேர். ஆனால் நோய் முற்றித் தீவிர சிகிச்சையில் இருந்த 1,098 பேரிடம் நடந்த சோதனையில், முழு அளவினால் அவ்வித நன்மை எதுவும் விளையவில்லை. இரு சாராரிடத்தும், முழு அளவு பெற்றவர்களுக்குப் பெரும் இரத்தப்போக்கு சற்று மிகுதியாகவே இருந்தது.

ஒரே நோய், ஒரே மருந்து. ஆயினும் ஒரு கட்டத்தில் உதவிய அளவு மற்றொரு கட்டத்தில் உதவவில்லை. பயிருக்குத் தூர் கட்டும்போது இடும் உரத்தைக் கதிர் முற்றும்போது இட்டால் பயன் உண்டா? நோயாளிக்கு எந்த மருந்து, எந்த அளவு, எத்தனை நாள் என்பதை அவருடைய வயது, எடை, சிறுநீரகத்தின் நிலை, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்து வைத்தியர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் அலையின்போது பலர் தாமாகவே பரிசோதனை நிலையம் சென்று ‘டி-டைமர்’ என்னும் சோதனையைச் செய்துகொண்டு, அளவு கூடியிருக்கிறதென்று மருந்துக் கடையில் ஆஸ்பிரின் முதலிய மாத்திரைகளை வாங்கி விழுங்கினர். டி-டைமர் என்பது இரத்தக் கட்டி கரையும்போது இரத்தத்தில் கலக்கும் சிறு துணுக்கு. கருவுற்ற பெண்களுக்கும், வயது முதிர்ந்தோருக்கும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோருக்கும் அது சாதாரணமாகவே கூடியிருக்கும். அந்த எண் ஒன்றை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்ய இயலாது. நோய் கடுமையின்றி வீட்டிலேயே இருந்தவர்களுக்கு ஆஸ்பிரினும் அதனினும் வலிய மருந்தும் கொடுத்து அமெரிக்காவில் சோதனை செய்தனர். 2021 அக்டோபரில் வெளியான அதன் முடிவின்படி, மருந்து உண்டோருக்கும் உண்ணாதோருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. இரத்த உறைவே மிகச் சிலருக்குத்தான் நேர்ந்திருந்தது. ஆதலால் வீட்டில் உள்ளோர் தாமாகவே இம்மருந்துகளை உண்பதால் பயன் இல்லை. இரத்தப்போக்கு என்னும் அபாயமே மிஞ்சும்.

டெங்கு என்றால் மருந்தே நஞ்சாகும்

இவ்விடத்தில் விவசாயப் பெருமக்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் நம் கிராமங்களில் பரவும் டெங்குக் காய்ச்சலும் வைரஸால் வருவதே. ஆனால் அதன் போக்கு வேறு. டெங்குவில் தட்டணுக்கள் குறைகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிகிறது. கடுமையானால் இரத்தப்போக்கு உண்டாகிறது. கொரோனாவில் அஞ்ச வேண்டியது உறைவு. டெங்குவில் அஞ்ச வேண்டியது கசிவு. இரண்டுக்கும் தொடக்கத்தில் காய்ச்சலும் உடல்வலியும் ஒன்றுபோலவே இருக்கும்.

‘போன தடவை பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த மாத்திரைதான் கொடுத்தார்கள்’ என்று ஆஸ்பிரினை வாங்கி உண்பவர், தமக்கு வந்தது டெங்குவாயின், தம் கையாலேயே தமக்குத் தீங்கு தேடிக்கொள்கிறார். காய்ச்சல் எதனால் என்று தெளியும் வரையில் ஆஸ்பிரினையும், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளையும் தொடலாகாது. காய்ச்சல் தணிய உரிய அளவில் பாரசிட்டமால் போதும். ஆனால் இதய நோய்க்காக முன்பிருந்தே வைத்தியர் சொற்படி ஆஸ்பிரின் உண்டு வருபவர், அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. காய்ச்சல் கண்டவுடன் வைத்தியரிடம் சென்று கேட்டல் வேண்டும்.

வீடு திரும்பிய பின்னர்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தவுடன் அபாயம் முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. ஸ்வீடன் நாட்டில் கொரோனா கண்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து, 2022 ஏப்ரலில் வெளியிட்டனர். காலின் ஆழ்குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு மூன்று மாதம் வரையிலும், நுரையீரலில் அடைப்பு உண்டாகும் வாய்ப்பு ஆறு மாதம் வரையிலும், இரத்தப்போக்கு நேரும் வாய்ப்பு இரண்டு மாதம் வரையிலும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு இந்த வாய்ப்பும் மிகுந்திருந்தது. நாட்கள் செல்லச் செல்ல அது குறைந்துகொண்டே வந்தது.

பிரேசில் நாட்டு வைத்தியர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து விடுபட்டோருள் உறைவு அபாயம் மிகுந்தவர்களாகிய ஏறத்தாழ 320 பேரைத் தேர்ந்து, ஒரு பாதியினருக்கு 35 நாட்கள் உறைவு தடுக்கும் மாத்திரை கொடுத்தனர். மருந்து உண்டவர்களுள் நூற்றுக்கு 3 பேருக்கும், உண்ணாதவர்களுள் 9 பேருக்கும் உறைவினால் கோளாறு நேர்ந்தது. இதனால் தெரிவது யாதெனில், வைத்தியர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மாத்திரையைக் குறிப்பிட்ட நாள் வரையில் தவறாது உண்ணல் வேண்டும் என்பதே. ‘உடம்பு தேறிவிட்டது, இனி எதற்கு மாத்திரை?’ என்று பாதியில் நிறுத்துவதும் தவறு; குறித்த நாள் கடந்தும் தாமாகத் தொடர்ந்து உண்பதும் தவறு.

நம் குடும்பங்களில் வழங்கும் மூன்று வழக்கங்களை இங்குச் சுட்டிக் காட்டுதல் அவசியம். அவை அன்பினால் செய்யப்படுபவை. ஆயினும் தீங்கு தரக்கூடியவை.

முதலாவது, நோயிலிருந்து தேறியவரை எழவிடாமல் படுக்கையிலேயே வைத்திருத்தல். ‘பிழைத்து வந்ததே பெரிது, அசையாமல் படுத்திரு’ என்று பெரியோர் கூறுவர். வைத்தியர் தடுத்தாலன்றி, நோயாளி நாள்தோறும் பலமுறை எழுந்து திண்ணை வரையிலாவது நடத்தல் வேண்டும். நடக்க இயலாதவர், படுத்தவாறே பாதங்களை மேலும் கீழும் அடிக்கடி அசைத்து வரலாம்.

இரண்டாவது, நீர் குடிப்பதைக் குறைத்தல். சளி பிடிக்கும் என்று அஞ்சித் தண்ணீரையே தடுப்பவர் உளர். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து வைத்தியர் அளவு வகுத்தாலன்றி, கஞ்சியும் காய்ச்சி ஆறிய நீரும் தாராளமாகக் கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, வீங்கிய காலைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவி விடுதல். இது மிகவும் அபாயமானது. காலில் இருப்பது இரத்தக் கட்டியாயின், உருவும்போது அது பெயர்ந்து நுரையீரலை நோக்கிச் செல்லக்கூடும். அண்மையில் கடும் காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவருடைய கால் வீங்கினால், உருவுதல் அறவே கூடாது.

கண்டவுடன் புறப்பட வேண்டிய அறிகுறிகள்

ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலில் வலி, அவ்விடம் சூடாகவும் சிவந்தும் இருத்தல் ஆகியவை காலின் ஆழ்குழாயில் இரத்தம் உறைந்ததற்கு அறிகுறிகள். திடீரென்று மூச்சு வாங்குதல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவை நுரையீரல் அடைப்புக்கு அறிகுறிகள். முகம் ஒரு பக்கமாகக் கோணுதல், ஒரு கையோ காலோ விழுந்துபோதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்துக்கு அறிகுறிகள். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பயன் உண்டு. அதற்கும் முன்னர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஆதலால் ஒவ்வொரு நிமிடமும் அருமையானது.

உறைவு தடுக்கும் மருந்து உண்பவர்களுக்கு மலம் கறுத்துப் போதல், சிறுநீரில் இரத்தம், ஈறுகளில் நிற்காத கசிவு, தலையில் அடிபடுதல் ஆகியவை நேர்ந்தாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும். அவர்கள் பல் பிடுங்கச் செல்லும்போதும், வேறு எந்த மருந்து உண்ணத் தொடங்கும்போதும், நாட்டு மருந்தாயினும் சரி, தாம் உண்ணும் மாத்திரையைப் பற்றி முன்னதாகச் சொல்லிவிடுதல் நலம்.

தடுப்பூசி பற்றிய ஐயம்

இரத்த உறைவு என்ற பேச்சு எழுந்தாலே, ‘தடுப்பூசியால் வந்ததுதானே?’ என்று வினவுவோர் கிராமங்களில் உளர். இந்த ஐயத்தை மறைக்காமல் விளக்கிவிடுதலே முறை. கோவிஷீல்டு வகையைச் சேர்ந்த தடுப்பூசியினால், மிக அரிதாகச் சிலருக்கு ஒருவித இரத்த உறைவு நேர்ந்தது உண்மை. மத்திய அரசின் குழு 2021 மே மாதத்தில் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் கோவிஷீல்டு ஊசிகள் பத்து லட்சத்துக்கு 0.61 என்ற வீதத்திலேயே அத்தகைய நிகழ்ச்சிகள் பதிவாயின. அதாவது, பத்து லட்சம் ஊசிகளுக்கு ஒன்றுகூட இல்லை. தடுப்பூசிக்குப் பின் சில வாரங்களுக்குள் காணப்பட்ட கோளாறு அது; ஆண்டுகள் பல கடந்து வருவதன்று. மாறாக, கடுமையான கொரோனாவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தோருக்கு நேர்ந்த உறைவோ நூற்றுக்கு இத்தனை பேர் என்று எண்ணத் தக்கதாக இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுதல் பொருந்தாது.

பஞ்சாயத்துக்கள் செய்யத் தக்கவை

சிகிச்சை செய்வது வைத்தியர் பொறுப்பு. ஆனால் நோயாளியை உரிய காலத்தில் வைத்தியரிடம் சேர்ப்பதும், வீடு திரும்பியவரைக் கண்காணிப்பதும் ஊரின் பொறுப்பு. புதுக்கோட்டை நகரை அடுத்த முள்ளூரில் 2017ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அறந்தாங்கியிலும் அரசு மருத்துவமனை உண்டு. எனினும் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களுக்கும், பொன்னமராவதி, விராலிமலைப் பக்கத்துச் சிற்றூர்களுக்கும் மாவட்டத் தலைநகர் வெகு தொலைவே. இரவில் மூச்சுத் திணறும் ஒருவரை வண்டி தேடி அலைய வைத்தால், எவ்வளவு சிறந்த ஆஸ்பத்திரி இருந்தும் பயன் என்ன?

ஆதலால் தொற்று நோய் பரவும் காலங்களில் பஞ்சாயத்துக்கள் சில ஏற்பாடுகளை முன்னதாகவே செய்துகொள்ளலாம். முதலில், இரத்தத்தில் உள்ள பிராணவாயுவின் அளவை விரல் நுனியில் காட்டும் சிறு கருவி ஊருக்கு ஒன்றாவது இருத்தல் நலம். அளவு 94க்குக் கீழே இறங்கினால், நோயாளி திடமாகத் தோன்றினாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் வேண்டும். இரண்டாவதாக, 2008 முதல் தமிழ்நாட்டில் இலவசமாக இயங்கி வரும் 108 ஆம்புலன்ஸை அழைக்கும் முறையையும், அது வரத் தாமதமாகுமாயின் உதவத் தக்க வாகன உரிமையாளர்களின் பெயர்களையும் எல்லோரும் காணும்படி எழுதி வைக்கலாம். மூன்றாவதாக, கடும் காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவர்கள் யார் யார் என்பதைக் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளருக்கும் தெரிவிக்கலாம். அவர்கள் வீட்டுக்கு வரும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைக் காட்டுமாறு குடும்பத்தாரைத் தூண்டலாம். அந்தச் சீட்டு வெறும் காகிதமன்று. எந்த மருந்து, எத்தனை நாள் என்பது அதில்தான் இருக்கிறது. நிலப் பத்திரத்தைக் காப்பது போல அதைக் காத்தல் வேண்டும்.

நான்காவதாக, கிராம சபை கூடும் நாட்களில் கால்மணி நேரம் ஒதுக்கி, ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரையோ செவிலியரையோ அழைத்து, மேற்சொன்ன அறிகுறிகளை விளக்கச் செய்யலாம். வீங்கிய காலை உருவாதீர், காய்ச்சலுக்குத் தாமாக ஆஸ்பிரின் உண்ணாதீர், தேறியவரை நடக்க விடுங்கள் என்னும் மூன்று செய்திகள் வீடுதோறும் சென்று சேர்ந்தாலே பெரும் பயன் விளையும். இவற்றுக்குப் பொருட்செலவு ஏதும் இல்லை.

இந்தியாவின் முதல் பெண் வைத்தியர்களுள் ஒருவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886ஆம் ஆண்டில் பிறந்தது இந்தப் புதுக்கோட்டையில்தான். அவர் பிறந்த காலத்தில் இருந்திராத மருந்துகளும் கருவிகளும் இன்று நம் எட்டும் தூரத்தில் உள்ளன. அவற்றின் பயன் கடைக்கோடிக் குடிசைக்கும் சென்று சேர்வது நம் விழிப்பைப் பொறுத்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5ஆம் நாள் கொரோனா அவசர நிலை முடிவுற்றதென்று அறிவித்தது. ஆயினும் கொரோனா வைரஸ் உலகை விட்டு நீங்கவில்லை. இன்ஃபுளுயன்சாவும் டெங்குவும் ஆண்டுதோறும் வருகின்றன. கோடையில் மடையைச் செப்பனிட்டு வைத்த ஊருக்கே மழைநீர் பயன்படும். அதுபோல, நோயில்லாத நாட்களில் இவ்வறிவைப் பெற்று ஆயத்தமாக இருக்கும் ஊரே, நோய் வரும் நாளில் தன் மக்களைக் காக்கும். பஞ்சாயத்துப் பணியில் ஈடுபட்டுள்ளோரும் விவசாயப் பெருமக்களும் இதனை மனத்திற்கொண்டு செயலாற்றுவராயின், ஆஸ்பத்திரி வரையில் சென்று மீண்ட உயிர்கள் வீட்டு வாசலில் வீழாமல் காப்பாற்றப்படும் என்பது திண்ணம்.